நடுவில் நின்ற மாக்ஸ் பிராய்னிக்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

சென்ற இதழில் 1912 ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கில் ஜெர்மனி ரஷ்யாவை 16–0 என்று தோற்கடித்த ஆட்டத்தையும், அதில் கோட்ஃப்ரீட் ஃபூக்ஸ் ஒருவரே 10 கோல் போட்டதையும் எழுதியிருந்தேன். வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஃபூக்ஸைப் பற்றியவை. ஈரோட்டு வாசகர் ஒருவர் மட்டும் வேறு மாதிரி கேட்டிருந்தார். எனக்குப் பிடித்த கேள்வி அதுதான். அதிலிருந்தே தொடங்குகிறேன்.

கேள்வி: முன்னால் நிற்கிறவர் கோல் போடுகிறார், அவர் பெயர் நிலைக்கிறது. அவருக்குப் பந்து கொடுத்தவர் பெயர் யாருக்கும் தெரிவதில்லை. அந்தக் காலத்து ஜெர்மன் அணியின் நடுக்களத்தில் யார் இருந்தார்கள்? (வாசகர், ஈரோடு)

என்னைக் கேட்டால் முதல் பெயர் மாக்ஸ் பிராய்னிக். சென்டர் ஹாஃப், அதாவது நடுக்களத்தின் நட்டநடு இடத்தில் ஆடியவர். 1888 நவம்பர் 12-ல் பிறந்தவர், 1961-ல் இறந்தவர். ஊர் ஜெர்மனியின் தென்மேற்கில் பாடன் பகுதியிலுள்ள ஃபோர்ட்ஸ்ஹைம். தங்க நகைத் தொழிலுக்குப் பேர்போன ஊர் அது. கார்ல்ஸ்ரூ கால்பந்துக் கழகத்துக்கு ஆடினார், பிறகு சொந்த ஊரான ஃபோர்ட்ஸ்ஹைம் கழகத்துக்கும் ஆடினார். 1910 முதல் 1913 வரை ஜெர்மனிக்காக 9 ஆட்டம், 1 கோல்.

ஒன்பது ஆட்டம்தானா என்று நினைக்க வேண்டாம். ஜெர்மனி தன் முதல் சர்வதேச ஆட்டத்தை ஆடியதே 1908 ஏப்ரல் 5-ல்தான். பாசல் நகரில் ஸ்விட்சர்லாந்திடம் 3–5 என்று தோற்றது. ஆண்டுக்கு ஒரு சில ஆட்டங்களே நடந்தன. பயிற்சியாளர் என்று ஒருவர் கிடையாது. வட்டாரச் சங்கங்களின் ஆட்கள் ஒரு குழுவாக உட்கார்ந்து அணியைப் பொறுக்குவார்கள். எங்கள் வட்டாரத்துக்கு இத்தனை இடம், உங்கள் வட்டாரத்துக்கு இத்தனை இடம் என்ற இழுபறி எப்போதும் உண்டு. அந்தச் சூழலில் மூன்று வருஷம் திரும்பத் திரும்ப ஒருவரைக் கூப்பிட்டார்கள் என்றால் அவரை விட்டுவிட்டு ஆட முடியாது என்று பொருள்.

ஆனால் ஃபூக்ஸ் 10 கோல் போட்ட அந்த ஆட்டத்தில் பிராய்னிக் இல்லை. அன்று நடுவில் நின்றவர் ஃப்ரைபர்க் கழகத்தின் கிளாசர். பிராய்னிக் ஆடியது அதற்கு இரண்டு நாள் முன்பு, ஆஸ்திரியாவுக்கு எதிராக. அந்தக் கதைக்குப் பிறகு வருகிறேன்.

கேள்வி: சென்டர் ஹாஃப் என்று நீங்கள் எழுதுவது இன்றைய மிட்ஃபீல்டரா, இல்லை டிஃபெண்டரா? என் பேரன் டிஃபெண்டர் என்கிறான். (வாசகர், தூத்துக்குடி)

பேரன் சொல்வது பின்னால் வந்த கணக்கு. பிராய்னிக் காலத்தில் கோல்கீப்பருக்கு முன்னால் இரண்டு பேக், அவர்களுக்கு முன்னால் மூன்று ஹாஃப், அதற்கு முன்னால் ஐந்து ஃபார்வர்டு. இந்தப் பதினோரு பேரில் நட்டநடுவில் நிற்பவர் சென்டர் ஹாஃப். அவருக்குப் பின்னாலும் ஆள், முன்னாலும் ஆள், இரண்டு பக்கமும் ஆள்.

நான் கல்லூரியில் ரைட் ஹாஃபாக ஆடியவன். எங்கள் காலத்திலும் அந்தப் பெயர்கள் அப்படியே புழங்கின. ஆகவே சொல்கிறேன், அந்த இடத்தில் நிற்பவனுக்கு மூச்சு விட நேரமில்லை. எதிரணியின் சென்டர் ஃபார்வர்டிடம் பந்து வந்தால் அவனை மறிக்க வேண்டும். பந்தைப் பறித்ததும் அடுத்த நொடியே தலையைத் தூக்கிப் பார்த்து, எந்த விங்கில், அதாவது மைதானத்தின் எந்த ஓரத்தில், ஆள் காலியாக ஓடுகிறான் என்று கண்டுபிடித்து அங்கே அனுப்ப வேண்டும். கோல்கீப்பர் உதைத்த பந்து வானத்திலிருந்து இறங்கும்போது தலையால் முட்ட வேண்டியதும் அவன்தான். அன்றைய பந்து தோல் பந்து. உள்ளே இருக்கும் ரப்பர்ப் பையை மூட, வெளியே ஷூவுக்குக் கட்டுவது போலத் தோல் கயிறு கோத்திருக்கும். மழையில் நனைந்தால் கல்லாகக் கனக்கும். அந்தக் கயிறு நெற்றியில் பட்டால் தோல் கிழியும். ஆளை மாற்றி இறக்கும் வழக்கமும் கிடையாது. தொடங்கிய பதினோரு பேர்தான் முடிக்க வேண்டும்.

இந்த இடம் எப்படிப் பின்னால் போனது என்றால், ஆஃப்சைடு விதி மாறியதால். முன்பு பந்து வாங்குபவனுக்கும் கோல் கோட்டுக்கும் இடையில் எதிரணியினர் மூன்று பேராவது இருக்க வேண்டும். 1925-ல் அதை இரண்டாகக் குறைத்தார்கள். ஃபார்வர்டுகளுக்குக் கொண்டாட்டம், கோல்கள் குவிந்தன. இங்கிலாந்துக் கழகங்கள் பயந்துபோய் சென்டர் ஹாஃபை இரண்டு பேக்குக்கு நடுவில் இழுத்து நிறுத்தின. அன்று முதல் அவர் காவல்காரர். ஜெர்மனியில் இந்த மாற்றம் மெதுவாகத்தான் வந்தது. பிராய்னிக் ஆடியதெல்லாம் இதற்கு முந்தைய காலம். ஆட்டத்தை நடத்துகிற ஆள் சென்டர் ஹாஃப்தான் என்பதில் அன்று யாருக்கும் சந்தேகம் இருந்ததில்லை.

கேள்வி: கார்ல்ஸ்ரூ என்றால் ஆலிவர் கான் முதலில் ஆடிய கழகம்தானே? (வாசகர், சேலம்)

ஊர் அதுதான், கழகம் வேறு. கான் ஆடியது கார்ல்ஸ்ரூ எஸ்.சி. அதன் வேர் ஃபோனிக்ஸ் என்ற பழைய கழகத்தில் இருக்கிறது. பிராய்னிக் ஆடியது கே.எஃப்.வி. என்று அழைக்கப்படும் கார்ல்ஸ்ரூ கால்பந்துக் கழகம். 1891-ல் வால்டர் பென்செமான் என்ற பள்ளி மாணவர் தொடங்கியது. அதே பென்செமான்தான் 1920-ல் 'கிக்கர்' பத்திரிகையையும் தொடங்கினார். ஜெர்மன் கால்பந்து ரசிகர்கள் இன்றும் படிக்கும் பத்திரிகை அது.

1909-ல் ஃபோனிக்ஸ் ஜெர்மன் சாம்பியன், 1910-ல் கே.எஃப்.வி. ஜெர்மன் சாம்பியன். ஒரே ஊரின் இரண்டு கழகங்கள் அடுத்தடுத்த ஆண்டுகளில்! 1910 அரையிறுதியில் இரண்டும் நேருக்கு நேர் மோதி, கே.எஃப்.வி. 2–1 என்று வென்றது. தேநீர்க் கடையில் பக்கத்து மேஜையில் உட்காரும் ஆளைத் தோற்கடித்துவிட்டு இறுதி ஆட்டத்துக்கு ரயில் ஏறுவது எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். பெர்லின், ஹாம்பர்க், லைப்சிக் போன்ற பெரிய நகரங்களை விட்டுவிட்டு அந்த இரண்டு வருஷம் ஜெர்மன் கால்பந்தின் தலைநகரம் கார்ல்ஸ்ரூதான்.

இந்தக் கழகத்துக்கு அதற்கு முன் பட்ட ஒரு காயமும் உண்டு. 1903-ல் முதல் ஜெர்மன் சாம்பியன் போட்டி நடந்தபோது, அரையிறுதிக்கு முன் ஆட்டம் தள்ளிவைக்கப்பட்டதாக ஒரு தந்தி வந்தது. கே.எஃப்.வி. ஊரிலேயே இருந்துவிட்டது. தந்தி போலி. ஆட்டத்துக்கு வரவில்லை என்று சொல்லி எதிரணியான பிராக் கழகத்தை நேராக இறுதிக்கு அனுப்பிவிட்டார்கள். அங்கே அது லைப்சிக்கிடம் 2–7 என்று நொறுங்கியது. பிராய்னிக் அப்போது பள்ளிப் பையன். ஆனால் ஏழு வருஷம் கழித்து அவர் காலால்தான் அந்தக் கடன் தீர்ந்தது.

கேள்வி: 1910 இறுதி ஆட்டத்தைக் கொஞ்சம் விரிவாக எழுதுங்களேன். (வாசகர், புதுச்சேரி)

1910 மே 15, கொலோன் நகரம். எதிரணி வடக்கே பால்டிக் கடலோர ஊரான கீலின் ஹோல்ஸ்டைன் கழகம். கார்ல்ஸ்ரூவின் முன்வரிசை அந்த நாளில் நாடே பேசிய வரிசை. ஃபோர்டரர், ஃபூக்ஸ், ஹிர்ஷ் என்று மூன்று பெயர்களையும் சேர்த்தே சொல்வார்கள். யூலியுஸ் ஹிர்ஷுக்கு அப்போது 18 வயது. பயிற்சியாளர் வில்லியம் டவுன்லி என்ற ஆங்கிலேயர். அவர் சாதாரண ஆள் அல்ல. 1890-ல் இங்கிலாந்தின் எஃப்.ஏ. கோப்பை இறுதியில் பிளாக்பர்ன் ரோவர்ஸுக்காக மூன்று கோல் போட்டவர். பந்தை உயரத் தூக்கி அடிக்காமல், தரையோடு ஒருவருக்கொருவர் குறுக்கே கொடுத்து ஆடச் சொல்லிக்கொடுத்தார். அப்படி ஆட வேண்டுமானால் நடுவில் நிற்கிறவருக்கு நிதானம் வேண்டும். பிராய்னிக்கிடம் அது இருந்தது.

90 நிமிஷம் முடிந்தது, கோல் இல்லை. கூடுதல் நேரம் போனது. அதிலும் பெரும்பகுதி கோல் இல்லாமல் கழிந்தது. 114-ஆவது நிமிஷத்தில் கார்ல்ஸ்ரூவுக்குப் பெனால்டி கிடைத்தது.

அந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். ஏறக்குறைய இரண்டு மணி நேரம் ஓடிய கால். சோர்வே அறியாத ஃபார்வர்டுகள் மூன்று பேர் பக்கத்தில் நிற்கிறார்கள், கோல் போடுவதே அவர்கள் வேலை. ஆனால் பந்தை எடுத்துப் புள்ளியில் வைத்தவர் மைதானத்தில் எல்லோரையும்விட அதிகமாக ஓட வேண்டிய இடத்தில் ஆடிய சென்டர் ஹாஃப். கோல் கோட்டிலிருந்து 12 கஜம். முன்பெல்லாம் கோல்கீப்பர் பெனால்டியின்போது முன்னால் ஓடிவந்து மறிக்கலாம். 1905-க்குப் பிறகு கோட்டிலேயே நிற்க வேண்டும் என்று விதி வந்துவிட்டது. ஆகவே இது காலுக்கும் மனசுக்கும் நடக்கிற சோதனை. தவறவிட்டால் 1903-இன் தந்தியோடு இன்னொரு வருத்தமும் சேர்ந்துகொள்ளும். பிராய்னிக் அடித்தார், பந்து வலைக்குள். 1–0. கே.எஃப்.வி. தன் வரலாற்றில் வென்ற ஒரே ஜெர்மன் சாம்பியன் பட்டம் அதுதான்.

ஃபார்வர்டுகளின் கோல் கணக்கு ஏடுகளில் இருக்கிறது. பிராய்னிக் அன்று எத்தனை பந்தைப் பறித்தார், எத்தனை முறை விங்குக்குத் திறந்துவிட்டார் என்பதை யாரும் எண்ணி வைக்கவில்லை. அந்தப் பெனால்டி மட்டும் இல்லாமல் போயிருந்தால் இன்று அவரைப் பற்றி எழுத எனக்கு ஒரு வரிகூடக் கிடைத்திருக்காதோ என்று நினைக்கும்போது வருத்தமாக இருக்கிறது.

கேள்வி: அதற்கப்புறம் அவர் கோப்பை எதுவும் வென்றாரா? (வாசகர், கும்பகோணம்)

ஆட்டக்காரராக இன்னொரு முறை வாசல் வரை போனார். 1912 மே 26, ஹாம்பர்க். மறுபடியும் இறுதி ஆட்டம், மறுபடியும் அதே ஹோல்ஸ்டைன் கீல், மறுபடியும் 1–0, மறுபடியும் பெனால்டி. ஆனால் இந்த முறை அடித்தவர் கீலின் எர்ன்ஸ்ட் மோலர். கணக்கு நேராகிவிட்டது.

பயிற்சியாளராகவும் ஒருமுறை. மியூனிக் 1860 கழகத்தை 1931-ல் ஜெர்மன் இறுதி ஆட்டத்துக்குக் கூட்டிப்போனார். எதிரணி பெர்லினின் ஹெர்த்தா. 1926 முதல் 1929 வரை தொடர்ந்து நாலு வருஷம் இறுதியில் தோற்று, 1930-ல்தான் முதல்முறை வென்ற கழகம் அது. மியூனிக் இரண்டு முறை முன்னிலை பெற்றது. கடைசியில் ஹெர்த்தா 3–2 என்று ஜெயித்துவிட்டது. ஆட்டம் நடந்த ஊர் எது தெரியுமா? கொலோன். 21 வருஷத்துக்கு முன் அவருக்குப் பட்டம் கொடுத்த அதே ஊர்.

கேள்வி: ஒலிம்பிக்கில் ரஷ்யாவை 16 கோலில் வென்ற அணி, ஏன் பதக்கம் வாங்கவில்லை? (வாசகர், நாகர்கோவில்)

ஏனென்றால் அது ஆறுதல் சுற்று ஆட்டம். பதக்கத்துக்கான வழி அதற்கு முன்பே அடைபட்டுவிட்டது. அதுதான் பிராய்னிக் ஆடிய ஆட்டம்.

1912 ஜூன் 29, ஆஸ்திரியாவுக்கு எதிராக. இடைவேளையின்போது ஜெர்மனி 1–0 முன்னிலை, கோல் போட்டவர் அடோல்ஃப் யேகர். பிறகு கோல்கீப்பர் வேபருக்கு அடிபட்டது. மாற்று ஆள் கிடையாது என்று மேலே சொன்னேன் அல்லவா? ஃபார்வர்டாக ஆடிக்கொண்டிருந்த வோர்பிட்ஸ்கி போய் கோல் கம்பங்களுக்கு நடுவில் நின்றார். முடிவு 1–5. பத்துப் பேரோடு, ஃபார்வர்டு ஒருவரைக் கோலில் வைத்துக்கொண்டு ஆடிய அந்த நேரம், நடுவில் நின்ற பிராய்னிக்குக்கு எவ்வளவு நீண்டதாக இருந்திருக்கும்!

அன்று ஜெர்மனியின் ஹாஃப் வரிசையில் மூன்று பேர். வலப்புறம் கீலின் கியோர்க் க்ரோக்மான், நடுவில் பிராய்னிக், இடப்புறம் கார்ல்ஸ்ரூவின் ஹெர்மன் போஷ். ஒரு மாதம் முன்பு ஹாம்பர்க் இறுதியில் எதிரெதிரே நின்றவர்கள் க்ரோக்மானும் பிராய்னிக்கும். இங்கே தோளோடு தோள். இரண்டே ஆண்டில் முதல் உலகப் போர். க்ரோக்மான் 1915 ஜனவரியில் போர்முனையில் இறந்தார். போஷ் 1916-ல். மூவரில் போரைத் தாண்டி வந்தவர் பிராய்னிக் மட்டும். 1912 அணியின் பட்டியலை எடுத்து, ஒவ்வொரு பெயருக்கும் எதிரே இறந்த ஆண்டைப் பாருங்கள். மனசு கனத்துப்போகும்.

கேள்வி: ஃபூக்ஸ், ஹிர்ஷ் இருவரும் யூதர்கள் என்று படித்தேன். ஹிட்லர் காலத்தில் என்ன ஆனார்கள்? (வாசகி, மதுரை)

ஜெர்மன் தேசிய அணிக்கு ஆடிய யூதர்கள் இந்த இருவர்தான். இருவருமே பிராய்னிக்கோடு ஒரே கழகத்தில் ஆடியவர்கள்.

ஹிர்ஷ் முதல் உலகப் போரில் ஜெர்மனிக்காக நாலு வருஷம் சண்டையிட்டவர், இரும்புச் சிலுவை என்ற போர்ப் பதக்கம் வாங்கியவர். அவருடைய அண்ணன் ஒருவர் அதே போரில் உயிரை விட்டார். 1933 ஏப்ரலில் ஒரு விளையாட்டுப் பத்திரிகையைப் பிரித்துப் பார்க்கிறார். தென் ஜெர்மனியின் பெரிய கழகங்கள் யூதர்களை வெளியேற்றத் தயார் என்று அறிவித்திருக்கின்றன. பெயர்ப் பட்டியலில் கே.எஃப்.வி.யும் இருக்கிறது. 1902 முதல் தான் உறுப்பினராக இருக்கும் கழகத்துக்கு அன்றே கடிதம் எழுதினார். தானாகவே விலகிக்கொள்வதாகச் சொல்லி, இன்று வெறுக்கப்படும் இந்த மக்களிடையே நாட்டுக்காக ரத்தம் சிந்திய நேர்மையான மனிதர்களும் உண்டு என்பதை நினைவூட்டினார். யாரும் வெளியே போ என்று சொல்வதற்கு முன் தானே எழுந்துவிட வேண்டும் என்ற ரோஷம் அதில் தெரிகிறது. 1943 மார்ச் 1-ல் கார்ல்ஸ்ரூவிலிருந்து அவரை நாஜிகளின் கொலைமுகாமான ஆஷ்விட்ஸுக்கு ரயிலேற்றினார்கள். திரும்பவில்லை.

ஃபூக்ஸ் 1937-ல் நாட்டை விட்டு வெளியேறி, ஸ்விட்சர்லாந்து, பிரான்ஸ் வழியாகக் கனடாவுக்குத் தப்பினார். நாஜிகள் காலத்தில் தொகுக்கப்பட்ட தேசிய வீரர் பட்டியலிலிருந்து இருவர் பெயரையும் எடுத்துவிட்டார்கள். ஒரே ஆட்டத்தில் 10 கோல் போட்டவர் ஆடவே இல்லை என்பது போல! கழகத்தைத் தொடங்கிய பென்செமானும் யூதர்தான். 1933-ல் தன் பத்திரிகையை இழந்து, அடுத்த ஆண்டு ஸ்விட்சர்லாந்தில் இறந்தார்.

1954 உலகக் கோப்பையை ஜெர்மனிக்கு வாங்கிக்கொடுத்த பயிற்சியாளர் செப் ஹெர்பெர்கர் சிறுவனாக இருந்தபோது ஃபூக்ஸின் தீவிர ரசிகர். 1972-ல் மியூனிக் ஒலிம்பிக் மைதானத்தில் சோவியத் யூனியனோடு ஜெர்மனி ஆட இருந்தது. ரஷ்யாவுக்கு எதிராக 10 கோல் போட்டவரை அதற்குக் கௌரவ விருந்தாளியாக அழையுங்கள் என்று ஹெர்பெர்கர் கால்பந்துச் சங்கத்துக்கு எழுதினார். ஒருவரை அழைத்தால் அதுவே வழக்கமாகிவிடும், செலவுக்கும் இடமில்லை என்று மறுத்துவிட்டார்கள். அந்தப் பதில் எழுதப்பட்டபோது ஃபூக்ஸ் உயிரோடு இல்லை. 1972 பிப்ரவரியில் மாண்ட்ரியாலில் இறந்துவிட்டார். ஒரு விமான டிக்கெட்டுக்குக் கணக்குப் பார்த்த அந்தப் பதிலை என்னால் இன்றுவரை ஏற்றுக்கொள்ள முடியவில்லை. பிற்பாடு, 2005 முதல், வெறுப்பையும் பாகுபாட்டையும் எதிர்த்து வேலை செய்கிறவர்களுக்கு அதே சங்கம் யூலியுஸ் ஹிர்ஷ் பெயரில் ஆண்டுதோறும் விருது கொடுக்கிறது. செய்ய வேண்டிய வேலைதான், ரொம்பத் தாமதமாகச் செய்தார்கள்.

கேள்வி: பிராய்னிக் மாதிரி வேறு சென்டர் ஹாஃப்கள்? (வாசகர், தஞ்சாவூர்)

ஹாஃப் வரிசையில் அவர் காலத்திலேயே லைப்சிக்கின் கமில்லோ ஊகி. 1909 முதல் 1912 வரை 15 ஆட்டம், அன்றைக்கு அது பெரிய எண்ணிக்கை. அடுத்த தலைமுறையில் நியூரெம்பர்க்கின் ஹன்ஸ் கால்ப், தொழிலில் பல் டாக்டர். 1920, 1921, 1924, 1925, 1927 என்று ஐந்து சாம்பியன் பட்டம் வென்றவர். 1928 ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் உருகுவேயிடம் ஜெர்மனி 1–4 என்று தோற்ற ஆட்டத்தில் நடுவர் அவரை வெளியேற்றினார், அதோடு அவருடைய தேசிய அணி வாழ்க்கை முடிந்தது. எனக்கு மூவரில் பிராய்னிக்தான் முதலில். டவுன்லியின் தரைப்பந்து ஆட்டத்தை ஜெர்மனியில் முதன்முதலில் நடுவில் நின்று நடத்திக் காட்டியவர்களில் அவர் ஒருவர் என்பதால்.

நியூரெம்பர்க் என்றதும் 1922 இறுதி ஆட்டத்தைப் பற்றிக் கேட்பீர்கள். மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆடியும் முடிவு வராமல், இருட்டிப்போய் நிறுத்திய ஆட்டம் அது. அதைக் கேட்டு நெய்வேலியிலிருந்து ஏற்கெனவே ஒரு கடிதம் வந்திருக்கிறது. அடுத்த இதழில் எழுதுகிறேன்.